கண்மாய் விராலையும் அதன் வாழிடத்தையும் காக்க வேண்டிச் சமர்ப்பிக்கும் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.
நகல்: மீன்வளத்துறை, நீர்வளத்துறை அலுவலர்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சிவகாசி வட்டம் எம். புதுப்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் கண்மாய்ப் பாசன விவசாயிகளும், அக்கண்மாய்களில் வலைவீசி ஜீவனம் செய்வோரும் கூடிய எங்கள் சங்கம் தங்கள் சமூகத்திற்குப் பணிவுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி கார்த்திகையில் பெருகி, சித்திரையில் தரைதட்டிப்போகும் எங்கள் கண்மாய்களில், கட்லா, ரோகுவைப்போல ஆண்டுதோறும் குஞ்சு வாங்கி விடவேண்டிய அவசியமின்றித் தானே பிறந்து தானே பெருகிவந்த மீன் விரால். செவுளுக்கு மேலுள்ள ஓர் அறையில் காற்றை வாங்கிச் சுவாசிக்கும் விசேஷ சக்தியால், நீர் வற்றிய பின்னும் ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை அது பிராணனைத் தாங்கியிருக்கும். அந்தச் சக்தியே அதற்குச் சத்துருவாகிவிட்டது என்பது எங்கள் அபிப்பிராயம். விராலுக்கு எந்தத் தண்ணீரும் போதும் என்ற எண்ணம் பலரிடத்தில் வேரூன்றிவிட்டது. வளர்ந்த விரால் காற்றைக் குடித்துப் பிழைக்குமாயினும், நீர்ப்பூண்டுகளை விலக்கி அது அமைக்கும் கூட்டில் மிதக்கும் முட்டைகளும், தாய் தந்தை காவலில் செந்நிறத் திரளாய்த் திரியும் இளங்குஞ்சுகளும், அந்தக் காற்றறை உருப்பெறும்வரை நீரில் கரைந்த பிராணவாயுவையே நம்பியவை.

ஆகவே, மற்றெல்லாவற்றினும் வற்புறுத்தி நாங்கள் வேண்டுவது, மீன்பாசி ஏல நிபந்தனைகளைத் திருத்தி, கோடையில் எஞ்சிய தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்துச் சேற்றைக் கிளறி மீன் அள்ளுவதைத் தடைசெய்து, மடையையொட்டிய ஆழப் பள்ளத்தை எவரும் தீண்டாமல் விட்டுவைக்க ஆணையிடவேண்டும் என்பதே. வட்டாட்சியர்வழி வழங்கப்படும் வண்டல் மண் அனுமதியிலும் அப்பள்ளம் விலக்கப்படவேண்டும். வண்டல் எங்கள் வயலுக்கும் வேண்டியதுதான். எனினும், ஈரம் மாறாத இடத்தில் பொக்லைன் இறங்கினால், உறங்கும் விராலும் மண்ணோடு டிராக்டர் ஏறிவிடும். தெலங்கானா 2016-இல் விராலைத் தன் மாநில மீனாக்கிக்கொண்டது. எங்களுக்குப் பட்டம் வேண்டாம், பள்ளம் போதும்.

பட்டாசுத் தொழில் இவ்வட்டாரத்தின் அன்னதாதா; எங்கள் வீடுகளிலும் அக்கூலியில்தான் உலை கொதிக்கிறது. ஆயினும், வீணான மருந்தையும் கழுவுநீரையும் ஓடையோரத்தில் விடுவார்களாயின், நீரில் எளிதில் கரையும் உப்புகளை முதல் மழையே கண்மாய்க்குக் கொணர்ந்து சேர்க்கும். காற்றைச் சுவாசிக்கும் மீன் மூச்சுமுட்டாது தப்பினாலும் நஞ்சினின்று தப்பாது. ஆதலால், ஓடைகளையும் கண்மாய் நீரையும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை எக்கண்மாயிலும் விடாதபடி தடுக்கவேண்டும். வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமே போதுமானதாகையால், அதைப்பற்றி விரித்துரைக்கவில்லை.

அடுத்த ஏல அறிவிப்புக்கு முன்னரே மீன்வளத்துறை அலுவலர் ஒருவரைக் கண்மாய்க்குள் அனுப்பி, விட்டுவைக்கவேண்டிய பள்ளத்திற்கு எங்கள் முன்னிலையில் எல்லைக்கல் நட்டுத் தருமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
எம். புதுப்பட்டி