பள்ளிக் கட்டடங்களை மாற்றுத்திறனாளி மாணவர்கள் புழங்கத்தக்கதாக்கக் கோரும் மனு

பெறுநர்: பொதுக்கல்வி இயக்குநர், ஜகதி, திருவனந்தபுரம்.

அனுப்புநர்: மாற்றுத்திறனாளி மாணவர்களின் பெற்றோர் சங்கத்தார், திருவனந்தபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டுதோறும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் உள்ளாட்சிப் பொறியாளர் கட்டடத்தைப் பார்த்து ஃபிட்னஸ் சான்று தருகிறார். கூரையையும் சுவரையும் சோதிக்கும் அந்த ஆய்வு, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை வகுப்புக்குள் போக முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளின் கட்டடமும் வளாகமும் மாற்றுத்திறனாளிகள் புழங்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைக்க, விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டு கெடு விதித்தது 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். இவ்விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வாசலில் சாய்தளம் கட்டியாயிற்றே என்பார்கள். அதில் ஏற முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. ஒன்றரை அடி உயர வராந்தாவுக்கு 18 அடி. இடமில்லையென்று ஆறடியில் முடித்துவிட்டால், பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது, இறங்குவது அதைவிட ஆபத்து. கழிப்பறைக் கதவு உட்பக்கம் திறந்தால், நாற்காலி உள்ளே போன பின் அதைச் சாத்த முடியாது. வயதுக்கு வந்த பெண்பிள்ளை படிப்பை நிறுத்த இது ஒன்றே போதும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்ட ஒரு தச்சரின் கூலிதான் செலவு.

நிதி இல்லை என்ற பதிலில் பாதி நியாயம் உண்டு. லிஃப்ட் அமைக்கப் பணமும் காலமும் வேண்டும். அதற்குக் கால அட்டவணை கொடுத்தால் காத்திருப்போம். ஆனால் மாடியிலுள்ள வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றத் தலைமையாசிரியரின் உத்தரவு போதும். அப்படிப்பட்ட மாணவர் எங்கள் பள்ளியில் இல்லை என்ற வாதம்தான் ஏற்கத்தக்கதல்ல: படியைப் பார்த்துத் திரும்பிப்போன பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? வீட்டுக்கே ஆசிரியர் வந்து கற்பிக்கும் ஏற்பாடு, வர இயலாத பிள்ளைகளுக்கானது. வரக்கூடிய பிள்ளையை வீட்டிலேயே நிறுத்த அதைக் காரணம் காட்டக் கூடாது.

எனவே, உள்ளாட்சித் துறையுடன் கலந்து, வரும் கல்வியாண்டுக்கு முன் சாய்தளம், கதவு அகலம், கழிப்பறை ஆகியவற்றை ஃபிட்னஸ் ஆய்வில் சேர்க்கவும், அந்த ஆய்வில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லவும், தரைத்தள வகுப்புக்கான சுற்றறிக்கையை உடனே அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தார்