பழைய ஆல்ட்டோ மேடேற மறுக்கிறதா? பர்ஸைக் கடிக்காமல் பிக்கப்பை மீட்கும் வரிசை இதுதான்!

"முன்னெல்லாம் நல்லா இழுக்கும் சார். இப்போ ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சத்தம்தான் வருது, வண்டி வர மாட்டேங்குது!"

பத்துப் பன்னிரண்டு வயதான சின்ன கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான். உள்ளூரில் தனியாக ஓட்டும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அம்மா, அப்பா, மனைவி, பிள்ளை என்று எல்லோரையும் ஏற்றி, டிக்கியில் இரண்டு பைகளையும் வைத்து ஏற்காட்டுக்குக் கிளம்பினால்தான் தெரியும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலாவது வளைவிலேயே ஏ.சி-யை அணைத்துவிட்டு முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும்.

உடனே இரண்டு விதமான யோசனைகள் வரும். "சைலன்சரை மாத்து, ரேஸ் ஃபில்டர் போடு" என்பார் ஒருவர். "வித்துட்டுப் புதுசு வாங்கு" என்பார் இன்னொருவர். புது கார் தவணை கட்ட முடிகிற குடும்பம் என்றால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஷோரூமிலிருந்து வந்த நாளில் வண்டிக்கு என்ன சக்தி இருந்ததோ, அதை முதலில் திரும்பப் பெறுவது.

இந்தியாவில் 2000-ம் ஆண்டில் வந்த ஆல்ட்டோவை எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 47 குதிரைத்திறன். வண்டியின் எடை 700 கிலோ சொச்சம். 65 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 260 கிலோ. அதாவது, வண்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! பெரிய காரில் நான்கைந்து குதிரைத்திறன் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இந்த வண்டியில் ஒவ்வொரு குதிரையும் கணக்கு.

காணாமல் போன குதிரைகளை ஒரே பெரிய பழுது விழுங்கியிருப்பது குறைவு. ஏழெட்டு சின்னக் குறைகள் பங்கு போட்டிருப்பதுதான் வழக்கம். அதனால், எந்த வரிசையில் செலவு செய்கிறோம் என்பது முக்கியம்.

முதல் செலவு பிரேக்குக்கு!

பிக்கப் பற்றிக் கேட்டால் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறார்களே என்று தோன்றலாம். மேலே ஏறிய வண்டி கீழே இறங்கியாக வேண்டுமே!

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு இந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது பெரிய செலவில்லை. பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்தே மாற்றியிருப்பதில்லை.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் இறுகி வெடிப்பு விட்ட டயர் மழையில் பிடிக்காது. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் இன்ஜினில் கை வைக்க வேண்டாம்.

காசே தேவைப்படாத வேலைகள்

காற்று: ஓட்டுநர் கதவைத் திறந்தால் டயர் பிரஷர் ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் கையேட்டில் பாருங்கள். முழு லோடுக்குத் தனி அளவு கொடுத்திருந்தால், குடும்பத்தோடு போகும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்ப்பதே சரியான அளவைத் தரும்.

ஆக்ஸிலரேட்டர் கேபிள்: கேபிள் உள்ள பழைய மாடல்களில் இதை அவசியம் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுதாக மிதிக்கட்டும். பானெட்டுக்குள் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தாலோ, தரை விரிப்பு மடிந்து பெடலைத் தடுத்தாலோ முக்கால் பங்குதான் திறக்கும். நட்டைத் திருகிச் சரிசெய்கிற ஐந்து நிமிட வேலை இது. இதைப் பார்க்காமல் இன்ஜினைக் குறை சொல்பவர்கள் உண்டு.

பிடித்துக்கொள்ளும் பிரேக்: ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். இறுகிச் சுற்றினால், பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் கொடுக்கும் சக்தியின் ஒரு பகுதியை அந்தச் சக்கரம் சூடாக்கியே வீணடிக்கும்.

டிக்கி: பழைய டூல்ஸ், தண்ணீர் கேன், கோயிலுக்கு வாங்கி இறக்க மறந்த சாமான்கள்... எல்லாவற்றையும் இறக்குங்கள்.

நூறுகளில் முடியும் வேலைகள்

ஏர் ஃபில்டர்: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் செய்த ஆய்வு சுவாரஸ்யமானது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் பெரிதாகக் கூடவில்லை. ஆனால், வேகம் எடுக்கும் திறன் நன்றாகவே கூடியது. நமக்கு வேண்டியதும் அதுதானே! கம்பெனி ஃபில்டரே போதும். ஏர் அடித்து அடித்து அதையே திரும்பப் போடாதீர்கள்.

ஸ்பார்க் பிளக்: மூன்று சிலிண்டர், மூன்று பிளக். ஒன்று மட்டும் சரியாக எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பது இதைத்தான். கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போடும் முன் முனையைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் இறங்குகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. ஒரு சின்ன பிளக் இவ்வளவும் சொல்லிவிடும்.

த்ராட்டில் பாடி: உள்ளே படியும் கரியை க்ளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்தாலே ஐடிலிங் சீராகும்; கிளப்பும்போது வரும் திணறலும் குறையும்.

தெர்மோஸ்டாட்: "இதைக் கழற்றிட்டா வண்டி சூடே ஆகாது" என்று எடுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. விளைவு, இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வரவே நேரமெடுக்கும். இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள்.

இன்ஜின் ஆயில்: கையேட்டில் சொன்ன கிரேடு மட்டும். பழைய வண்டி என்பதற்காகக் கெட்டியான ஆயில் ஊற்றினால் அதைச் சுழற்றவே கூடுதல் சக்தி செலவாகும்.

ஆயிரங்களில் போகும் வேலைகள்

இங்கேதான் கவனம் தேவை. சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கிளட்ச்சைச் சோதிக்க, காலியான சமதளச் சாலையில் நாலாவது கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் சட்டென ஏறி, வேகமுள் மட்டும் பின்தங்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. அதை மாற்றாமல் இன்ஜினில் செய்யும் எந்தச் செலவும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

பெட்ரோல் பக்கம் பார்க்க, பம்ப் பிரஷரை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெடிப்பு, கசிவு, பெட்ரோல் வாடை எதுவாக இருந்தாலும் குழாயை உடனே மாற்றுங்கள். தீ அபாயம் இருக்கிறது. இன்னொன்று, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்கு ட்யூன் செய்த கார்களில் இ20-யால் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்தக் குறைவை ஈடுகட்டுகிறேன் என்று பாகங்களை மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும். செய்த பிறகு அதே மேடு, அதே ஆட்கள், அதே கியர் என்று ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு பாகங்களை ஒரே நாளில் மாற்றினால், எது பலன் கொடுத்தது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இவை வேண்டவே வேண்டாம்

சத்தமான சைலன்சர், கூம்பு வடிவ ஃபில்டர், அகலமான டயர், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம். முதல் இரண்டும் சத்தத்தைக் கூட்டும். 796 சிசி இன்ஜினில் சக்தியைப் பெரிதாகக் கூட்டாது. அகல டயரும் கனமான வீலும் இருக்கிற பிக்கப்பையும் குறைக்கும். காந்தம் மாதிரியான 'எரிபொருள் சேமிப்பு' சாதனங்கள் நூற்றுக்கும் மேலானவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் சாதனம் ஒன்றுகூடத் தேறவில்லை.

சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

எங்கே நிறுத்திக்கொள்வது?

இவ்வளவும் செய்த பிறகும் இழுவை வரவில்லையென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். மூன்று சிலிண்டரின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அதற்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் கோளாறு. இந்த ஒரு சோதனை, 'இன்ஜினை இறக்கணும்' என்ற பேச்சு உண்மையா என்பதைச் சொல்லிவிடும்.

இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். சேஸிஸ் பாகங்களையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் துரு தின்றிருந்தால் அந்தச் செலவு வேண்டாம். ஆர்.சி. 15 வருடம் முடியப்போகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால்தான் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

அடிப்பாகம் திடமாக இருந்து, இன்ஜினும் நலமாக இருந்தால் இந்த வண்டியை இன்னும் சில வருடங்கள் குடும்பத்துக்காக நம்பி ஓட்டலாம். ஆனால், அதன் எல்லையையும் மறக்க வேண்டாம். 2014-ல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜிய ஸ்டார். பிக்கப் திரும்பி வந்தது மேடு ஏறவும், லாரியைத் தயங்காமல் தாண்டவும்தான். நான்கு வழிச்சாலையில் 110-ல் பறப்பதற்கு அல்ல. மேலே எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும்.