காடு வளர்ப்பதும் தருமமே

ஒரு முஸ்லிம் நட்ட மரத்தின் பயனைப் பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தருமமாகும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஒற்றை மரத்துக்கே இத்துணை நன்மையெனில், ஊரையே காக்கும் காட்டுக்கு எத்துணை நன்மை இருக்கும்!

2018 நவம்பரில் வீசிய கஜா புயலைக் கோட்டைப்பட்டினத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றையும் அலையையும் தாங்கித் தணிக்க இக்கரைக்கு இறைவன் அருளிய அரண் அலையாத்திக் காடு. மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் அதனை இன்றும் காணலாம்.

அழிந்த காட்டை மீட்க இயலுமா? இதே கடலோரத்து முத்துப்பேட்டை விடை கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே மரங்கள் அடியோடு வெட்டப்பட்டன. நிலம் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, மண்ணில் உப்பேறியது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களுடன் கைகோத்தன. மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஓதநீர் வந்து திரும்பவே உப்புக் குறைந்தது. நட்ட கன்றுகள் தழைத்தன. இன்று குடும்பங்கள் படகேறிச் சென்று அக்காட்டைக் கண்டு மகிழ்கின்றன.

கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதுடன் நம் கடமை முடிவதில்லை. நீரோட்டத்தை அடைக்காமலும், கழிமுகத்தில் குப்பை கொட்டாமலும் காக்க வேண்டும். வனத்துறையின் துணையுடன் ஜமாஅத்தினரும் மீனவரும் இப்பணியில் இறங்க வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். கண்டு மகிழ்ந்த காட்டை வெட்ட எவருக்கும் மனம் வராது.

வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.