அம்மா சொல்லித் தந்த இலக்கணம்

"தம்பி, என்னடா பண்றே?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்கிறாள்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன் அம்மா!" என்கிறான் பையன்.

கோட்டக்குப்பத்தில் எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சுதான் இது. இதற்குள் ஸ்பானிஷ் மொழியின் ஓர் இலக்கணப் பாடமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

'சாப்பிட்டேன்' என்றால் வேலை முடிந்தது. 'சாப்பிடுவேன்' என்றால் இனிமேல்தான். 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றால் கை இன்னும் சோற்றில் இருக்கிறது!

சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருப்பது ஸ்பானிஷ். அந்த மொழிக்காரர் இதை 'எஸ்தோய் கோமியெந்தோ' என்பார். 'எஸ்தோய்' என்றால் 'இருக்கிறேன்'. 'கோமியெந்தோ' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டு'. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீட்டுப் பேச்சேதான்!

'அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்' என்பதற்கு 'எஸ்தா கோமியெந்தோ'. முன் சொல் மட்டுமே மாறியது, 'கோமியெந்தோ' மாறவில்லை. தமிழிலும் 'இருக்கிறேன்' என்பது 'இருக்கிறான்' ஆகிறது; 'சாப்பிட்டுக்கொண்டு' அப்படியே நிற்கிறது.

ஆனால், நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே பிற மொழிகளைப் படிக்கிறார்கள். அங்கேதான் சறுக்கல். ஆங்கிலத்தில் நாளைய பயணத்தையும் இப்போது நடப்பதுபோலவே சொல்லலாம். ஸ்பானிஷில் அப்படிச் சொன்னால் பிழை. தமிழிலும், "நாளைக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றால் சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும்! "நாளைக்குப் போகிறேன்" என்பதே நம் வழக்கு. ஸ்பானிஷ் வழக்கும் அதுவே. ஆங்கிலம் தடுமாற வைக்கும் இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது.

கோட்டக்குப்பம் இரண்டு ஆட்சிகளின் எல்லையில் இருந்த ஊர். பக்கத்துப் புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. இந்தப் பக்கம் 1947 வரை ஆங்கில ஆட்சி. இரு பக்கமும் வீட்டுக்குள் ஒலித்தது தமிழ்தான்.

எல்லாம் தமிழைப் போலவே இருக்கும் என்று சொல்லவில்லை. வேற்று மொழிக்கு வேற்று வழிகளும் உண்டு. ஆனால், தெரிந்த வாசலைத் திறந்து உள்ளே போவது எளிதல்லவா?

ஆசிரியர்களே, முதலில் தமிழில் ஒப்பிட்டுக் காட்டுங்கள். தாய்மார்களே, "எனக்கு இலக்கணம் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். பிள்ளைக்குப் பேசக் கற்றுத் தந்த அன்றே அதையும் கற்றுத் தந்துவிட்டீர்கள்!