பரண்மேல் தூங்கும் மடிக்கணினி



2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி, அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து நம் நாட்டு சி-டாக் உருவாக்கியது அது. நிறையப் பேர் திறந்துகூடப் பார்த்ததில்லை.

உள்ளே இருக்கும் படங்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு புதிய டெபியனைப் போட்டு, 'கோடி' மென்பொருளை நிறுவுங்கள். டெர்மினலில் ஒரே ஒரு வரிதான். 2014 வரை எக்ஸ்.பி.எம்.சி. என்ற பெயரில் இருந்த இலவச மென்பொருள் இது. எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்தால், கல்யாண வீடியோவும் பேரப்பிள்ளைகள் படமும் பெரிய திரையில் ஓடும். இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், நடுவில் விளம்பரமும் வராது.

ஒரு எச்சரிக்கை. கோடியோடு எந்தப் படமும் வராது. "எல்லாப் படமும் இலவசம்" என்று யாராவது கொடுக்கும் ஆட்-ஆனைத் தொடாதீர்கள். அது திருட்டு.

நம் வீட்டு நினைவுகளைப் பார்க்க எந்தக் கம்பெனியின் தயவும் தேவைப்படக் கூடாது என்பது என் கருத்து. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது ஒரு மத்தியானம் ஒதுக்கி, அப்பா அம்மாவுக்கு இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்