விளம்பரம் கொட்டை எழுத்தில், நீதிமன்ற அறிவிப்பு பொடி எழுத்தில்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் நம் வீடு தேடி வருகிறது. நீதிமன்றத்தின் அறிவிப்பையோ நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த தொழிலாளி பணத்தையும் உரிமையையும் பறிகொடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. நாம் வாழும் இந்த மும்பை மாநகரில் தொடங்கி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர பெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறோம்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சூறையாடியது. எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் பழுது பார்க்கும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனிக்கு வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் தேவைப்பட்டார்கள். மும்பையைச் சேர்ந்த ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்று அதற்காகப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. வேலை மட்டுமல்ல, கிரீன் கார்டும் உண்டு, குடும்பத்தோடு அங்கேயே குடியேறலாம் என்று ஆசை காட்டினார்கள். சுமார் 500 இந்தியத் தொழிலாளர்கள் நம்பினார்கள். தலைக்குப் பத்தாயிரம் டாலரும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரூபாய்க்குக் குறையாத தொகை. நிலத்தை விற்றவர் உண்டு, தாலிக்கொடியை அடகு வைத்தவர் உண்டு, வட்டிக்கு வாங்கியவர் உண்டு.

கையில் கிடைத்ததோ சில மாதங்களுக்கான தற்காலிக விசா. மிசிசிப்பியிலும் டெக்சாசிலும் வேலி போட்ட முகாம்களில் ஒரே கொட்டகையில் இருபத்து நான்கு பேர் வரை அடைக்கப்பட்டார்கள். அந்த இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். எதிர்த்துப் பேசியவர்களை 2007 மார்ச்சில் காவலர்களை வைத்து மடக்கினார்கள். ஒரு தொழிலாளி மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். 2008 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலையை உதறிவிட்டு வெளியேறி வழக்குத் தொடுத்தார்கள். வாஷிங்டன் வரை சென்று உண்ணாவிரதமும் இருந்தார்கள்.

தீர்ப்பு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 2015 பிப்ரவரியில், நான்கு வார விசாரணைக்குப் பின், ஜூரிகள் ஐந்து தொழிலாளர்களுக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தார்கள். கம்பெனி, மும்பை ஆள்சேர்ப்பு நிறுவனம், இடையில் நின்ற அமெரிக்க வக்கீல் ஆகிய எல்லோரையும் பொறுப்பாளிகளாக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மீதி வழக்குகளை இரண்டு கோடி டாலருக்குச் சமரசம் பேசியதோடு மன்னிப்பும் கேட்டது.

இந்த வெற்றியைக் கொண்டாடலாம். ஆனால் நடுவில் நடந்த ஒன்றை நாம் மறக்கக் கூடாது. 2012-இல் அந்த நீதிமன்றம், எல்லோரையும் ஒரே குழுவாகக் கொண்டு வழக்கை நடத்த மறுத்துவிட்டது. அந்த ஓர் உத்தரவால், ஒரே குடையின் கீழ் நின்றவர்கள் தனித்தனியே வழக்குப் போட வேண்டிய நிலை வந்தது. சட்ட நிறுவனங்கள் சில கட்டணமின்றி முன்வந்ததால் நூற்றுக்கணக்கானோர் மீண்டும் நீதிமன்றப் படியேற முடிந்தது. அவர்கள் முன்வந்திராவிட்டால்? அந்த உத்தரவின் பொருளைச் சிதறிக் கிடந்த தொழிலாளிக்கு யார் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தைப் பாருங்கள். பாக்கிச் சம்பளத்துக்காகப் பலர் சேர்ந்து வழக்காடலாம். ஆனால் ஒவ்வொருவரும் எழுத்து மூலம் சம்மதம் தந்தால்தான் வழக்கில் சேர்க்கப்படுவார். அதற்கான அறிவிப்பை அனுப்ப நீதிமன்றம் அனுமதி தரும். அறிவிப்பு வந்தும் புரியாமல் பரணில் போட்டவருக்கு ஒன்றும் கிடையாது. கெடுவும் இரண்டு ஆண்டுதான், முதலாளி தெரிந்தே செய்தது என்று நிரூபித்தால் மூன்று. படிக்காத ஒரு காகிதம் ஒரு வருடக் கூலியை விழுங்கிவிடும்!

அந்த நாட்டு பெடரல் நீதிமன்றங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வழக்கில் தாக்கலாகும் காகிதங்களைப் பெரும்பாலும் யாரும் கணினி வழியே பார்க்கலாம். பக்கத்துக்குப் பத்து சென்ட், ஓர் ஆவணத்துக்கு மூன்று டாலருக்கு மேல் இல்லை. நீதிபதியின் தீர்ப்புரைக்குக் கட்டணமே கிடையாது. நம் நாட்டிலும் வழக்கின் நிலையையும் விசாரணைப் பட்டியலையும் இணையத்தில் பார்க்க முடிகிறது. கதவு திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திறந்த கதவுக்கு உள்ளே இருப்பது ஆங்கிலம். எட்டாம் வகுப்போடு வெல்டிங் பட்டறைக்குப் போன தம்பிக்கு அது மூடிய கதவேதான்.

ஆள் பிடிக்கும்போது மட்டும் மொழி தடையாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஏஜெண்ட் நம் மொழியில் பேசுகிறான், நம் தெருவுக்கே வருகிறான், டீ வாங்கிக் கொடுக்கிறான். உரிமையைச் சொல்லும் காகிதம் மட்டும் ஏன் புரியாத மொழியில் வர வேண்டும்? தொழிலாளிக்கு அனுப்பும் அறிவிப்பு எதுவாயினும் அவன் தாய்மொழியிலும் இருக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. இது சலுகை அல்ல. அறிவிப்பு என்ற சொல்லுக்கே அறியச் செய்வது என்றுதான் பொருள்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் வாரத்தில் ஒரு மாலை, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, வந்த காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒருவரை உட்கார வைக்கட்டும். கெடு தேதியைச் சிவப்பு மையில் குறித்துக் கொடுக்கட்டும். வெளிநாடு போகிறவர், ஏஜெண்டிடம் கொடுத்த பணத்தின் ரசீதையும் வந்த விளம்பரத்தையும் நகலெடுத்துச் சங்கத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். நாளை கோர்ட்டில் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்த வேண்டியதுதான். அதே மண்டபத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட நம்மால் முடியாதா?