சர்வீஸ் புத்தகம் எங்கே?



எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரைவர் அண்ணன் ஒருவர், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், சிரம்பான்ல ஒரு காடி பாத்திருக்கேன். சனிக்கிழமை கூட வரீங்களா? பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும்" என்றார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் மூன்று நாள் லிங்கியிலிருந்து சிரம்பானுக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். கூட்டுப் பணம் எடுத்து, சங்கிலியையும் அடகு வைத்து, 11,000 வெள்ளி சேர்த்திருந்தார். அந்தக் காடி வழியில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

நானும் இதில் பட்டவள்தான். முதன்முதலில் வாங்கிய பழைய காரில் சாயத்தையும் இருக்கை உறையையும் தடவிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் பாசிர் பாஞ்சாங் தாண்டிப் போர்ட்டிக்சன் போகும் வழியில் இயந்திரம் சட்டென்று நின்றது. டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அந்தப் பெல்ட் ரப்பர். சூட்டில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல கார்களில் 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். கஞ்சில் போன்ற பழைய கார்களில் பெல்ட்தான். 2005இல் வந்த மைவி போன்றவற்றில் அதற்குப் பதில் சங்கிலி உண்டு. பெல்ட் பெரும்பாலும் சத்தம் காட்டாமலே அறும். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுதி வைத்த கணக்குதான் சொல்லும்.

சிரம்பானில் பார்த்த கார் பத்து வயதுடையது. மீட்டரில் 74,000. "ஒரு டீச்சரம்மா ஓட்டினது, பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான்" என்றார் விற்பவர். (எல்லாப் பழைய காரையும் டீச்சரம்மாக்களே ஓட்டியிருக்கிறார்கள்!) சர்வீஸ் புத்தகம் எங்கே என்றேன். தொலைந்து போயிற்றாம். பானெட்டைத் திறக்கச் சொன்னேன். ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்த ஸ்டிக்கர் ஒன்று. துடைத்துப் படித்தால், பெல்ட் மாற்றியது 2021இல், 118,500 கிலோமீட்டரில்! அண்ணனிடம் காட்டினேன். அவர் விற்பவரை ஒரு முறை பார்த்தார். "வாங்க டீச்சர், போவோம்" என்றார்.

புத்தகம் கிடைத்தாலும் முத்திரைகளை எண்ணிவிட்டு மூடிவிடாதீர்கள். வரவுப் பதிவேடு பார்ப்பது போல் தேதியையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். தேதி முன்னே போகும்போது எண்ணும் கூடவே ஏற வேண்டும். இரண்டு வருடம் வெற்றாக இருந்தால் அப்போது கார் எங்கே கிடந்தது என்று கேளுங்கள். எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் சந்தேகப்படுங்கள். கம்பெனி நிலையத்தில் சர்வீஸ் செய்த காரானால் அவர்கள் கணினியில் பதிவு இருக்கும். சொந்தக்காரரையே கூட அழைத்துப் போய்க் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது எத்தனை கார்கள் மூழ்கின என்று தொலைக்காட்சியில் பார்த்தோம். மூழ்கிய காரைக் கழுவிக் காயவைத்து விற்பவர்களும் உண்டு. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

"புஸ்பகோம் பாஸ் ஆயிடுச்சே" என்பார்கள். பெயர் மாற்றத்துக்கான அந்தப் பரிசோதனையில் சேசிஸ் எண், இயந்திர எண் போன்றவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். எண்ணெய் மாற்றிய கதை அதில் வராது. கடைக்காரர் சொல்வதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. தனியாளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது.

அண்ணன் பிறகு ரெம்பாவில் ஒரு கார் வாங்கினார். மீட்டரில் 168,000. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் புத்தகம் நிறைய முத்திரை, பிளாஸ்டிக் பையில் ரசீதுகள், பெல்ட் மாற்றி ஒரு வருடந்தான். எங்கள் போமனும் லிப்டில் ஏற்றிப் பார்த்துத் தலையாட்டினார். செவ்வாய், வியாழன், சனியில் விடியுமுன் அது பள்ளியைக் கடந்து போகும் சத்தம் கேட்கிறது. போன வாரம் அண்ணன் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கிப் போனார், எண்ணெய் மாற்றிய கணக்கு எழுத.